எம்ஐஎஸ் பேப்பருக்கு அப்பாவோட கொலுசு பட்டறைய ப்ராஜெக்ட்டா எடுக்கலாமா?

கேள்விய ரொம்ப நீளமா எழுதியிருந்தீங்க, பிரிச்சுப் பாத்தா மூணு விஷயம். சேலத்துல எம்பிஏ முதல் வருஷம், மேலாண்மைத் தகவல் அமைப்புன்னு ஒரு பேப்பர், டிபிஎஸ் (பரிவர்த்தனைய பதியற அமைப்பு), டிஎஸ்எஸ் (முடிவுக்கு உதவற அமைப்பு), ஈஐஎஸ் (மேல்மட்ட நிர்வாகிக்கான தகவல் அமைப்பு)னு சுருக்கெழுத்தா மனப்பாடம் பண்ணி எழுதறோம், இதுல அப்படி என்னதான் இருக்குன்னு ஒண்ணு. மினி ப்ராஜெக்ட்டுக்கு சீனியர்ங்க எல்லாம் ரெடிமேடா ஒரு ஹாஸ்பிடல் சாஃப்ட்வேர் இல்லன்னா லைப்ரரி சாஃப்ட்வேர் வாங்கி பைண்டிங் போட்டு வைக்கறாங்க, எங்க வீட்டுல கொலுசு பட்டறை இருக்கு ஆனா அங்க ஒரு நோட்டத் தவிர வேற ஒண்ணும் கெடையாது, அத எடுக்கலாமான்னு ரெண்டு. கோடிங் வராத நான் ரெண்டாவது வருஷம் சிஸ்டம்ஸ் எலெக்டிவ் எடுத்தா வேலை கிடைக்குமான்னு மூணு. மூணுக்கும் அடியில ஒரே சந்தேகம்தான் ஓடுது, கம்ப்யூட்டரே இல்லாத எடத்துல தகவல் அமைப்புன்னு ஒண்ணு இருக்க முடியுமாங்கறது. முடியும். உங்க அப்பா நோட்டுல ஏற்கனவே ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு, எந்த சாஃப்ட்வேர் வாங்கி வச்சாலும் வராத மார்க் அதுல வரும்.

நான் ரொம்ப வருஷமா சேலம் நாமக்கல் பக்கம் சின்ன கம்பெனிகளுக்கு ஸ்டாக், ஈஆர்பி (கம்பெனியோட எல்லாப் பிரிவு கணக்கையும் ஒண்ணா சேக்கறது) சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்கற வேலைல இருக்கேன், நடுவுல கொஞ்ச காலம் சாயங்கால கிளாஸ்ல இதே பேப்பர் எடுத்தேன். கொலுசு என் தொழில் இல்ல. அதனால எந்த மாடலுக்கு எவ்வளவு சேதாரம் விடணும், கூலி என்னங்கறதெல்லாம் உங்க அப்பா சொல்றதுதான் முடிவு, நான் கணக்கு எப்படி ஓடுதுங்கறத மட்டும்தான் பேச முடியும்.

முதல்ல அந்த டெபனிஷன்ங்க எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா பாதி வெறுப்பு போயிடும். 1965ல ராபர்ட் ஆன்டனின்னு ஹார்வர்ட்ல கணக்கியல் சொல்லிக் குடுத்தவரு, ஒரு கம்பெனில நடக்கற முடிவுகள மூணு தட்டா பிரிச்சாரு. நீண்டகாலத் திட்டம், நிர்வாகக் கட்டுப்பாடு, அன்னாட வேலைக் கட்டுப்பாடு. உங்க பாடத்துல வர்ற முக்கோணப் படத்துக்கு வேர் அதுதான். ஹெர்பர்ட் சைமன், பின்னாடி 1978ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கினவரு, அதுக்கு முன்னாடியே வேற ஒரு கோடு போட்டுருந்தாரு, விதி எழுதி வச்சு எடுக்கக்கூடிய முடிவு ஒரு வகை, ஒவ்வொரு தடவையும் யோசிச்சே ஆகவேண்டிய முடிவு இன்னொரு வகைன்னு. 1971ல எம்ஐடி ஆளுங்க கோரியும் ஸ்காட் மார்ட்டனும் இந்த ரெண்டையும் குறுக்கும் நெடுக்குமா வச்சு ஒரு கட்டம் போட்டாங்க, முடிவுக்கு உதவற அமைப்பு, அதான் டிஎஸ்எஸ், அந்தக் கட்டத்துல இருந்துதான் பாடத்துக்குள்ள வந்துச்சு. ஆக இந்த சுருக்கெழுத்து எதுவும் மிஷினோட பேரு இல்லைங்க, யாரு என்ன முடிவு எடுக்கறாங்கங்கறதோட பேரு. பரீட்சைல இந்த ஒரு வரிய புரிஞ்சு எழுதினா திருத்தறவருக்கே ஒரு நிம்மதி, ஏன்னா கட்டுல முக்கால்வாசி பேப்பர் கம்ப்யூட்டரோட நன்மைகள்னு பத்து பாயின்ட் எழுதி வச்சிருக்கும்.

இப்ப நோட்டுக்கு வருவோம், இதுலதான் விஷயமே இருக்கு. சேலத்துல செவ்வாப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் எந்தப் பட்டறைய எடுத்தாலும் முக்கால்வாசி வேலை வெளிய வீட்டுலதான் நடக்குது, ஒருத்தர் கம்பி இழுக்கறாரு, ஒரு வீட்டுல கண்ணி கோக்கறாங்க, இன்னொரு வீட்டுல பத்தவைக்கற பொடி வச்சு ஊதறாங்க, சலங்கை வைக்கறது தனி, மெருகு போடறது தனி. ஒவ்வொரு கைக்கும் வெள்ளி எடை போட்டுப் போகுது, எடை போட்டுத் திரும்ப வருது. நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு புறம் குடுத்தது, எதிர்ப்புறம் வந்தது. ஒரு உதாரணத்துக்கு வச்சுக்குவோம், 70 டச் (நூத்துக்கு 70 பங்கு சுத்த வெள்ளி) வெள்ளி 1000 கிராம் ஒரு அண்ணாகிட்ட குடுத்தீங்க, அதாவது சுத்த வெள்ளிக் கணக்குல 700 கிராம். ஒரு வாரம் கழிச்சு கொலுசா 940 கிராம் வந்துச்சு, துண்டுக் கம்பி தூளு எல்லாம் சேத்து 48 கிராம் வந்துச்சு. மொத்தம் 988. கொறைஞ்சது 12 கிராம். உங்க பட்டறைல கிலோவுக்கு 10 கிராம் சேதாரம் விடறதா பேச்சுன்னா, 2 கிராம் அவரு கணக்குல பாக்கி நிக்கும், சுத்த வெள்ளில 1.4 கிராம். இந்த நம்பர் எல்லாம் நான் கணக்குக்காக போட்டது, உங்க பட்டறைல வேற மாதிரி இருக்கும். இன்னொண்ணு, ஊதறதுக்கு பொடி நீங்க தனியா குடுத்தீங்கன்னா அதோட எடையும் கொலுசுல ஏறி வரும், பொடியோட டச் வேற, அதனால அதுக்கும் ஒரு வரி எழுதியாகணும், இல்லன்னா நஷ்டமே இல்லாத மாதிரி ஒரு வாரம் காட்டும்.

இதுல எத்தன பாடம் இருக்குன்னு பாருங்க. ஒவ்வொரு தடவ எடை போட்டு எழுதறதும் ஒரு பரிவர்த்தனை, அது டிபிஎஸ். சனிக்கிழம கூலி குடுக்கறதுக்கு முன்னாடி அப்பா பக்கத்தப் புரட்டி யாருக்கு எவ்வளவு பாக்கின்னு கூட்டறாரே, அது எம்ஐஎஸ் அறிக்கை. வெளியூர் வியாபாரி ஒருத்தரு ஒரு மாசத்துக்கு இதே ரேட்டுல குடுங்கன்னு கேக்கறாரு, நடுவுல வெள்ளி வெல ஏறினா என்னாகும்னு அப்பா மனசுல கணக்குப் போட்டு சரி இல்ல வேணாம்னு சொல்றாரே, அது டிஎஸ்எஸ் செய்யவேண்டிய வேலை, அத நீங்க எக்ஸெல்ல ஒரு ஷீட்டுல போட்டுக் காட்டலாம், வெல 5 சதவீதம் ஏறினா, 10 சதவீதம் ஏறினா, கூலி ஏறினான்னு மாத்திப் பாக்கற மாதிரி. ப்ராஜெக்ட்டுல அந்த ஒரு ஷீட்டே ஒரு அத்தியாயம் ஆகும்.

அந்த நோட்டுல ரெண்டு கணக்கு ஒண்ணாவே ஓடுது, ஒண்ணு கிராம்ல, ஒண்ணு ரூவால. கூலி, அட்வான்ஸ் ரூவா. வெள்ளி பாக்கி கிராம். வெள்ளி வெல இன்னைக்கு ஏறினாலும் அந்த அண்ணா தரவேண்டியது அதே 1.4 கிராம்தான், அத இன்னைக்கு ரூவாவா மாத்தி எழுதினா நாளைக்கு சண்டை. சும்மா பில்லிங்குக்குன்னு வாங்கின சாஃப்ட்வேர்ல ஆள்வாரியா, டச் வாரியா கிராம் பாக்கி வராது, நகை வியாபாரத்துக்குன்னே எழுதினதுல வரும். சாஃப்ட்வேர் வாங்கின பட்டறைலயும் நோட்டு போகாம அப்படியே இருக்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், பெரியவங்களுக்கு கம்ப்யூட்டர் தெரியாதுங்கறது இல்ல. உங்க சீனியர் ரிப்போர்ட்ல "பயனாளர்களின் எதிர்ப்பு"ன்னு ஒரு தலைப்பு இருக்குமே, நான் பாத்தவரைக்கும் பாதி எடத்துல எதிர்ப்பு கெடையாது, அவங்க கேக்கற கணக்கு அதுல இல்ல, அவ்வளவுதான்.

டேட்டாபேஸ் யூனிட்டுக்கும் இதே நோட்டு போதும். 1970ல ஐபிஎம்ல இருந்த எட்கர் காட், தகவல அட்டவணை அட்டவணையா பிரிச்சு ஒரு பொது எண்ண வச்சு இணைக்கற முறைய எழுதினாரு, 1976ல பீட்டர் சென் எது எதோட எப்படி இணையுதுன்னு வரையறதுக்கு இஆர் படம் குடுத்தாரு. உங்களுக்கு வேண்டியது நாலே அட்டவணை. ஆள், மாடல், குடுத்தது, வந்தது. ஒரு தடவ குடுத்தது மூணு நாலு தவணையா திரும்பி வரலாம், அதனால குடுத்ததுக்கும் வந்ததுக்கும் ஒண்ணுக்குப் பல உறவு. டச்ச எங்க வைப்பீங்க? எனக்கு வந்த ப்ராஜெக்ட்ல ஒருத்தரு அத ஆளோட அட்டவணைல வச்சிருந்தாரு, இவரு 70 டச் ஆளுன்னு. அதே ஆளு அடுத்த வாரம் 80 டச் வேலை வாங்கிட்டுப் போனா பழைய கணக்கு எல்லாம் மாறிப் போயிடும். டச் குடுத்ததுக்குச் சொந்தம், ஆளுக்கு இல்ல. நார்மலைசேஷன்னா, அதாவது ஒவ்வொரு தகவலையும் அதுக்குச் சொந்தமான அட்டவணைல வைக்கறதுன்னா, என்னன்னு ரெண்டு பக்கம் எழுதறதுக்கு பதிலா இந்த ஒரு உதாரணத்த எழுதுங்க. அதே மாதிரி பாக்கிங்கற கட்டத்த அட்டவணைல சேமிக்காதீங்க, அது குடுத்ததுல வந்தத கழிச்சா வர்றது, சேமிச்சு வச்சா ஒரு நாள் ரெண்டும் ஒத்துப் போகாது. மாடல் பேரு நோட்டுல ஒரே கொலுசுக்கு மூணு விதமா எழுதியிருக்கும், அதுக்குத்தான் மாடலுக்கு நம்பர்.

ஆனா இத்தனையும் வரைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அப்பாகூட ஒரு நாள் உக்காந்து, அவரு எடுக்கற முடிவு என்னென்னன்னு எழுதுங்க. இத தாண்டிட்டு நேரா ஸ்க்ரீன் டிசைனுக்குப் போறதுதான் எல்லா மாணவர் ப்ராஜெக்ட்டுலயும் நான் பாக்கற குறை. அடுத்த வெள்ளிய யாருக்குக் குடுக்கறீங்க, எத வச்சு முடிவு பண்றீங்க, தெரிஞ்சிருந்தா நல்லாருக்கும்னு எப்ப நெனச்சீங்க, இப்படி மூணு கேள்வி போதும். சிஸ்டம் வந்தா என்னென்ன ரிப்போர்ட் வேணும்னு மட்டும் கேட்டுடாதீங்க, எல்லாம் வேணும்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ரஸ்ஸல் ஆக்காஃப்னு ஒருத்தரு 1967லயே இதுக்கு ஒரு கட்டுரை எழுதினாரு, மேலாளருக்குத் தேவையான தகவல் கம்மியா கிடைக்குதுங்கறதவிட தேவையில்லாதது அளவுக்கு மீறி வந்து குவியுதுங்கறதுதான் பெரிய தொல்லைன்னு, அவரு என்ன வேணும்னு கேக்கறதாலயே அது அவருக்கு வேண்டியதுன்னு ஆயிடாதுன்னு. நான் ஒரு மில்லுக்கு போட்டுக் குடுத்த தினசரி ரிப்போர்ட்ல கேட்டுக் கேட்டு சேத்த கட்டம் பக்கத்துக்கு அடங்காம போச்சு, முதலாளி கடைசி வரைக்கும் பாத்தது ஒரே ஒரு கட்டம், நேத்து எவ்வளவு நூல் வெளிய போச்சுங்கறது.

இதுவரைக்கும் சொன்னது நான் உறுதியா சொல்லக்கூடியது. பாடத்துல உறுதியா எழுதியிருந்தாலும் எனக்கு சந்தேகம் இருக்கற எடமும் உண்டு. முக்கோணமே ஒண்ணு. அது பெரிய கம்பெனிய பாத்து வரைஞ்சது. உங்க பட்டறைல மூணு தட்டுலயும் ஒரே ஆளுதான் உக்காந்திருக்காரு, காலைல எடை போடறவரும் அவருதான், அடுத்த வருஷம் மெஷின் கொலுசு பக்கம் போலாமான்னு யோசிக்கறவரும் அவருதான். அங்க மூணு தட்டுக்கு மூணு சிஸ்டம்னு ப்ராஜெக்ட்ல வரைஞ்சா பொய்யா இருக்கும். தட்ட ஆளுக்கு ஒட்டாம முடிவுக்கு ஒட்டுங்க, இந்தக் கோட்பாடு சின்ன தொழிலுக்கு இந்த அளவுக்குத்தான் பொருந்துதுன்னு ஒரு பத்தி எழுதுங்க. அந்தப் பத்தியப் படிச்சா காப்பி அடிச்ச ப்ராஜெக்ட் இல்லன்னு உடனே தெரியும்.

இன்னொண்ணு டேம் மாடல், 1989ல ஃப்ரெட் டேவிஸ் குடுத்தது, பயன் இருக்குன்னு நெனச்சா, சுலபமா இருக்குன்னு நெனச்சா, ஜனங்க ஒரு புது சிஸ்டத்த ஏத்துக்குவாங்கன்னு. மாடல் மேல எனக்கு குறை இல்ல, அத வச்சு நம்ம ஊர்ல பண்ற கொஸ்டினேர் மேலதான். கூகுள் ஃபார்ம் ஒண்ணு போட்டு, ஹாஸ்டல் குரூப்ல விட்டு, ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் டிக் அடிக்க வச்சு, உபயோகிக்கவே உபயோகிக்காத ஒரு சிஸ்டத்தப் பத்தி நூறு பேரு ஒத்துக்கறோம்னு சொன்னதா முடிக்கறது. கொலுசு பண்ற ஆறு பேருகிட்ட நேர்ல உக்காந்து பேசினா அத விட உங்களுக்கு நிறைய தெரிய வரும், ஆனா சில கைடு எண்ணிக்கை கேப்பாங்க, அதையும் முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க.

கேஸ் ஸ்டடில ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி கண்டிப்பா வரும். நடந்தது இதுதான், 1999 ஜூலைல புது சிஸ்டம் ஓட விட்டாங்க, அவங்களுக்கு வியாபாரம் சூடு பிடிக்கற ஹாலோவீன் சீசனுக்கு சரியா முன்னாடி, சுமார் 10 கோடி டாலர் ஆர்டர் அனுப்ப முடியாம போச்சு, கையில சரக்கு இருந்தும். நாலு வருஷம் ஆகும்னு சொன்ன வேலைய ரெண்டரை வருஷத்துல முடிக்கப் பாத்தாங்க. இது வரைக்கும் தகராறு இல்ல. சாஃப்ட்வேர் கெட்டதா, அவசரமா, ஆளுங்களுக்கு பயிற்சி பத்தலையா, எது எவ்வளவு காரணம்னு கேட்டா அங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எனக்கு நம்பத் தோணற ஒரு விளக்கம், சீசன் நேரத்துல கெடச்ச எடத்துல எல்லாம் சரக்க அடுக்கி வைக்கறது அவங்க பழக்கம், அந்த எடங்க புது சிஸ்டத்துல கெடங்குன்னு பதிவாகவே இல்லங்கறது. பீரோ லாக்கர்ல அப்பா அவசரத்துக்கு எடுத்து வச்சிருக்கற வெள்ளி நோட்டுல இருக்கான்னு கேட்டுப் பாருங்க, ஹெர்ஷி கேஸ் நல்லா புரியும்.

பட்டறை ஜிஎஸ்டில பதிவு பண்ணியிருந்தா இன்னொரு கோணமும் இருக்கு. ஜாப் வொர்க்குக்கு, அதாவது வெளி ஆளுகிட்ட செய்யக் குடுக்கற வேலைக்கு, அனுப்பற சரக்குக்கு டெலிவரி சலான் போடணும், ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரணும், அனுப்பினது வந்தது எல்லாம் ஐடிசி-04ங்கற படிவத்துல காட்டணும், 2021 அக்டோபர்ல இருந்து வருஷ விற்றுமுதல் 5 கோடிக்கு மேல இருந்தா ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, அதுக்குக் கீழன்னா வருஷத்துக்கு ஒரு தடவ. அதாவது நோட்டுல இருக்கற அதே வெளி வேலை விவரத்த அரசாங்கமும் ஒரு அறிக்கையா கேக்குது. உங்க சிஸ்டத்துல ஒரு தடவ ஏத்தினா ரெண்டுக்கும் வரணும்னு வடிவமைச்சா அது ப்ராஜெக்ட்டுக்கு பெரிய பலம். விதி மாறிக்கிட்டே இருக்கும், எழுதறதுக்கு முன்னாடி உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

ஒரு விஷயத்துல ஜாக்கிரதை. ஆள்வாரியா சேதாரம்னு ஒரு ரிப்போர்ட் எடுத்தீங்கன்னா அது ஒரு மனுஷனோட கூலி மேல கை வைக்கற ரிப்போர்ட். நைஸ் மாடல் ஊதறவருக்கு சேதாரம் ஜாஸ்தியாதான் வரும், அவரு கை சுத்தமில்லன்னு அர்த்தம் இல்ல, மாடல் வாரியா பிரிக்காம ஆளையும் ஆளையும் ஒப்பிடாதீங்க. அட்வான்ஸ் பாக்கி யாருக்கு எவ்வளவுங்கறது அவங்க வீட்டு விஷயம். ப்ராஜெக்ட் புக்குல பேரு போட வேணாம், ஆள் 1, ஆள் 2ன்னு போடுங்க, நோட்டுப் பக்கத்த போட்டோ எடுத்து அப்படியே ஒட்டாதீங்க, அவங்ககிட்டயும் படிப்புக்காக எடுக்கறேன்னு சொல்லிட்டுப் பண்ணுங்க. பாடத்துல தகவல் நெறின்னு ஒரு யூனிட் வரும், அதுக்கு உங்க உதாரணமும் தயார்.

ஒருவேளை அப்பா நோட்டத் தர மாட்டேன்னு சொன்னா (சொல்லலாம், தப்பில்ல) ஏற்காடு மேல ஒரு காபி எஸ்டேட்ட எடுங்க. பழம் பறிக்கற சீசன்ல ஆள்வாரியா எடை போட்டு ரைட்டர் (எஸ்டேட் கணக்கு எழுதறவரு) எழுதற புத்தகம், எந்த காட்டுல இருந்து எவ்வளவு வந்துச்சு, அரபிகான்னா சுமாரா ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை, அந்த விகிதம் எங்க கொறையுது, இதெல்லாம் இதே வடிவம்தான். கூடுதலா ஒரு சிக்கல், சில காட்டுக்குள்ள சிக்னல் சுத்தமா இருக்காது, அதனால ஆன்லைன் சிஸ்டம்னு வரைஞ்சீங்கன்னா வைவால மாட்டிக்குவீங்க, அங்கயே பதிஞ்சு வச்சு ஆபீஸ் வந்து ஏத்தற மாதிரி யோசிக்கணும்.

வேலைக்கு வருவோம். இந்த ஊர்ல "எம்ஐஎஸ் எக்ஸிகியூட்டிவ்"னு விளம்பரம் வர்ற வேலையும் உங்க பேப்பரும் பேர்லதான் ஒண்ணு. அந்த வேலை பெரும்பாலும் ஃபைனான்ஸ் கம்பெனி, ஆஸ்பத்திரி, மில்லுல உக்காந்து தினமும் எக்ஸெல்ல ரிப்போர்ட் எடுத்து மேல அனுப்பறது. பிவட் டேபிள், விலுக்கப், கொஞ்சம் எஸ்கியூஎல் (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்கற மொழி) தெரிஞ்சா உள்ள போயிடலாம், கோடிங் தெரியாதது அதுக்குத் தடையே இல்ல. ஆனா அதே சீட்டுல வருஷக்கணக்கா உக்காந்துட்டவங்களையும் நான் பாத்திருக்கேன், ரிப்போர்ட்ட யாரு எதுக்குப் பாக்கறாங்கன்னு கேக்காதவங்க அவங்க. ஈஆர்பி இம்ப்ளிமென்டேஷன், பிசினஸ் அனலிஸ்ட் பக்கம் போகணும்னா ஒரு தொழில் எப்படி நடக்குதுன்னு கேட்டு எழுதத் தெரியணும், எங்க டீம்ல ஆள் எடுக்கறப்ப நாங்க பாக்கறதும் அதத்தான். எலெக்டிவ் எடுங்க, ஆனா உங்க காலேஜ் சிலபஸ்ல டேட்டாபேஸுக்கு லேப் இருக்கான்னு மொதல்ல பாத்துக்கங்க. லேப் இல்லாம தியரி மட்டும்தான்னா ஃபைனான்ஸோ ஆபரேஷன்ஸோ எடுத்துட்டு, எஸ்கியூஎல் நீங்களே கத்துக்கங்க, இலவச டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் ஒண்ண வீட்டு லேப்டாப்ல போட்டு மேல சொன்ன நாலு அட்டவணைய உருவாக்கி, ஒரு மாசத்து நோட்ட ஏத்தி, இந்த சனிக்கிழமை யாருக்கு எத்தன கிராம் பாக்கின்னு ஒரு கேள்வி எழுதுங்க. விடை அப்பா கூட்டி வச்ச தொகையோட ஒத்து வரலன்னா பதறாதீங்க, எந்த வரில வித்தியாசம்னு தேடி, அத அப்படியே கடைசி அத்தியாயத்துல போடுங்க.